காற்று நின்ற பகல்

காற்று நின்றுவிடட்டும் என்று அருளாயி வேண்டிக்கொண்டாள். வாய் திறந்து சொல்லவில்லை. ராயபுரத்துக் கோயில் ராயப்பரே, நீர் கடலில் கால் வைத்து நடந்தவர், உமக்குக் காற்றைத் தெரியும், இன்று ஒரு பொழுது மட்டும், என்று பல்லுக்குள்ளேயே முனகிவிட்டு, அது யார் காதிலாவது விழுந்துவிட்டதோ என்று தலையைத் தூக்கிப் பார்த்தாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. கப்பலில் இருந்த அத்தனை பேரும் இடது பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே, ஆள் முகம் தெரியாவிட்டாலும் ஆள் நடமாட்டம் தெரிகிற தூரத்தில், இவர்களுக்குச் சரிசமமாக, கின்ராஸ் என்கிற அந்த இன்னொரு கப்பல் தன் பாய்களையெல்லாம் விரித்துக்கொண்டு வந்துகொண்டிருந்தது. அதற்கும் அப்பால் சுண்ணாம்பு அடித்த மதில் போல ஒரு வெள்ளைக் கரை. அதுதான் இங்கிலாந்து என்று பெரேரா காலையில் காட்டினான். அவள் கோவாக்காரனான பெரேராவின் விரலைப் பார்த்தாளே தவிர விரல் காட்டிய இடத்தைப் பார்க்கவில்லை. கப்பலில் சாப்பாடு பரிமாறுகிறவன் அவன், பட்டணத்துத் துறைமுகத்தில் கொஞ்ச காலம் கிடந்தவன். "நாளைக்கு லண்டன் வருது அம்மா, லண்டன் வந்தா நீ சிரிக்கணும்" என்றான் தன் உடைந்த தமிழில். சிரிக்கணுமாம். பார்க்காத கரை கிட்ட வராது என்று சின்னப் பிள்ளை மாதிரி நினைத்துக்கொண்டிருந்தாள். ஆனாலும் வந்துகொண்டேதான் இருந்தது. கோழிக்கூண்டுக்குப் பின்னால் காற்று அடிக்காத இடமாகப் பார்த்து உட்கார்ந்து, கப்பல் துரையின் மகள் எப்பியைக் கால்களுக்கு நடுவே, கவிழ்த்து வைத்த வாளியின்மேல் உட்காரவைத்து, அவள் தலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். நல்ல தண்ணீரில் குளிப்பாட்டு என்று துரை இன்று உத்தரவு போட்டிருந்தார். சீனத்தை விட்டுப் புறப்பட்ட பிறகு குழந்தைக்கு உப்புத் தண்ணீர்தான். நாளைக்குக் குழந்தையை அவர் அக்காள் பார்க்கப்போகிறாள். அதற்காக நல்ல தண்ணீர்.

உப்பில் ஊறிய முடி கயிறாகிக் கிடந்தது. ஒரு பிரி பிரிந்தால் அதற்கு அடியில் இன்னொரு முடிச்சு. தேங்காய் எண்ணெய் இந்தக் குளிரில் குப்பிக்குள் மெழுகாக உறைந்துவிட்டது. குப்பியைக் கக்கத்தில் இடுக்கி உடம்புச் சூட்டில் உருக்கி, சொட்டுச் சொட்டாக விட்டு, மேலிருந்து இழுத்தால் வலிக்கும் என்று நுனியிலிருந்து ஆரம்பித்து, மெல்ல, அவசரமே இல்லாமல் எடுத்தாள். அவசரப்பட்டால் முடிந்துவிடும். முடிந்தால் எப்பி எழுந்து ஓடிவிடுவாள். தலைக்கு நடுவே அந்தச் சுழி. பிறந்த மறுநாள் இந்தச் சுழியைத்தான் முதலில் பார்த்தாள், முகத்தை அப்புறம்தான் பார்த்தாள். குழந்தையை நெஞ்சோடு வைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு பால் கொடுத்தவள், அது உறிஞ்சுகிற வேகத்தில் கண்ணைத் திறந்தபோது தெரிந்தது இந்தச் சுழி, அதைச் சுற்றிச் சோளக்கதிர்க் குஞ்சம் மாதிரி நாலு முடி. கறுப்பாக அடர்த்தியாக நெற்றிவரை இறங்கிய முடியைப் பார்த்துப் பழகிய கண் அவளுக்கு. அந்த முடி, அந்த நெற்றி. வேண்டாம். எண்ணெய் இன்னும் கொஞ்சம் உருக வேண்டும். கையை வைத்தால் நெற்றி கொதித்தது, ராயபுரத்தில் அந்த மாசம் வீட்டுக்கு வீடு காய்ச்சல். வேண்டாம் என்றேனே. பால் மட்டும் நிற்கவில்லை, குடிக்க ஆள் இல்லாமல் ரவிக்கையை நனைத்துக்கொண்டு ஓடிற்று, அப்போதுதான் கப்பல்காரத் துரைசானிக்குப் பிள்ளை பிறந்து பால் இல்லை என்று கோயில் சாமியார் ஆள் அனுப்பினார். "ஆவ்" என்றாள் எப்பி. சீப்பு சிக்கிக்கொண்டது. "இல்ல கண்ணு, இல்ல, முடிஞ்சுபோச்சு" என்றாள் அருளாயி. முடியவில்லை.

எப்பி பிறந்த வருஷம்தான் கப்பலும் தண்ணீரில் இறங்கியது. சீ டெர்ன் என்று பெயர். டெர்ன் என்றால் என்ன என்று கேட்டதற்குத் துரைசானி ஒரு படத்தை எடுத்துக் காட்டினாள், பார்த்தால் நம்ம ஆலாப் பறவை. அன்றிலிருந்து அருளாயிக்கு அது ஆலா. சின்னதாய், ஒல்லியாய், தலையைத் தண்ணீருக்குக் கொடுத்துக்கொண்டு பறக்கிற சாதி. டன்பார் துரை முதல் பயணத்திலேயே கர்ப்பிணி மனைவியைப் பட்டணத்தில் இறக்கிவிட்டுச் சீனத்துக்குப் போய்த் தேயிலை ஏற்றினார். புதுத் தேயிலையை முதலில் கொண்டுவந்து இறக்குகிற கப்பலுக்கு லண்டனில் ராஜ மரியாதையாம். ஆலா அந்த வருஷம் முதலில் போய்ச் சேர்ந்தது, கரையில் நின்றவர்கள் தொப்பியை ஆகாசத்தில் எறிந்தார்கள். அடுத்த வருஷம் ஆலாவும் கின்ராஸும் ஒரே காலையில் ஆற்று வாயில் வந்து நின்றன, ஆழம் போதாமல் ஆலா நங்கூரம் போட்டுக் காத்திருக்க, அவ்வளவு ஆழம் வேண்டாத கின்ராஸ் வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டது. அதற்கடுத்து ஆலா ஜெயித்தது. போன வருஷம் ஆப்பிரிக்கா முனையில் புயலில் நடுப் பாய்மரம் முறிந்து, எல்லாரும் புதுத் தேயிலையைக் குடித்துச் சலித்த பிறகு நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்தது. இதையெல்லாம் பெரேரா கோயில் திருவிழாக் கதை மாதிரி கையை ஆட்டிச் சொல்வான். "இந்தத் தடவை தோத்தா துரைக்கு வேற கப்பல், கப்பலுக்கு வேற துரை" என்பான். அருளாயிக்கு அந்தப் பந்தயங்களெல்லாம் வேறு மாதிரி ஞாபகம். ஜெயித்த சேதி பல மாசம் கழித்துப் பட்டணத்துக்கு வரும். துரைசானி அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். வெளியே இவளும் குழந்தையும். துரை வந்தால் ரெண்டு வாரம், போனால் வருஷம். அந்த வீட்டில் இரண்டு பொம்பளைகள் ஒரு குழந்தையை நடுவில் போட்டுக்கொண்டு, ஒருத்தி பேசுவது ஒருத்திக்குப் பாதி புரிந்தும் புரியாமலும், ஓடுகிற கப்பலை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இந்த வருஷம் என்னால் முடியாது, நானும் சீனத்துக்கு வருகிறேன் என்று துரைசானி கிளம்பினாள். எப்பி ஆயா இல்லாமல் சாப்பிட மாட்டாள், அதனால் ஆயாவும். வந்த இடத்தில் துரைசானிக்குக் காய்ச்சல் கண்டது. ஆற்றைப் பார்த்த மேட்டில் அவளைப் புதைத்துவிட்டு, துரை திரும்பி வந்து தேயிலைப் பெட்டிகளை இன்னும் நெருக்கி அடுக்கச் சொன்னார். அன்றைக்கு அவர் கத்திய கத்தலில் சீனத்துக் கூலிகள் மிரண்டு போனார்கள்.

"எப்பி, கழுத்தக் குனி கண்ணு." "ஐ ஆம்" என்றாள் எப்பி. அருளாயியின் கை நின்றது. குனிஞ்சுதான் இருக்கேன் ஆயா என்று சொல்லியிருக்க வேண்டும். போன வாரம்வரை அப்படித்தான் சொன்னாள். ராயபுரத்துப் பிள்ளைகள் மாதிரி இழுத்துப் பேசுகிற தமிழ், வா போ என்கிற தமிழ், கனவில் உளறினாலும் தமிழ். கப்பலில் வேறு யாரோடு பேசுவது? பெரேராவின் தமிழ் சந்தையில் மீன் வாங்குகிற தமிழ், சாப்பாட்டு மணி அடித்தால் அதுவும் முடிந்துவிடும். இத்தனை மாசமாக அவள் வாயிலிருந்து போன சொல் எல்லாம் இந்த ஒரு சின்னக் காதுக்குள்தான் போயின. நாளைக்குப் பிறகு? அக்காள் வீட்டில் வேலைக்காரப் பெண்கள் இருக்கிறார்களாம், எப்பிக்குப் பள்ளிக்கூடமாம். உன்னைப் பட்டணம் போகிற கப்பல் ஒன்றில் ஏற்றிவிடுவேன், கவலைப்படாதே என்று துரை சொல்லியிருக்கிறார். சொன்ன சொல் தவறாதவர்தான். ஆனால் பட்டணத்தில் ஆயாக்கள் கூடினால் பேசிக்கொள்வார்கள், துரைமார் லண்டனில் விட்டுவிட்டுப் போன கதை, பனியில் முக்காட்டோடு தெருத்தெருவாக அலைந்த கதை. அதுகூடப் பயமில்லை. ஏற்றிவிட்டால்தான் பயம். திரும்பிப் போகிற கப்பல், ஒரு மூலை, மடி காலி. போய் இறங்கினால் யார்? பட்டணத்தில் கப்பல் ஏறுகிற அன்றைக்குக் கரையில் வைத்துப் புருஷன் சவரியான் சொன்னான், அலை தாண்டி ஆள் ஏற்றுகிற மசுலாப் படகில் துடுப்புப் போடுகிற அந்தக் கையை நீட்டி, "நம்ம பிள்ளைக்குக் குடுக்காத பால அதுக்குக் குடுத்த. இப்ப அது பின்னாடியே போற. போ. இங்க திரும்பி வராத." கொடுக்காத பாலா? கொடுத்தேனே, கடைசிவரைக்கும் கொடுத்தேனே, காய்ச்சலில் அது குடிக்கவில்லையே. அவனுக்கும் அது தெரியும். தெரிந்துதான் சொன்னான். எதையாவது சொல்லாமல் அவனால் நிற்க முடியவில்லை. இப்போது வீட்டில் வேறொருத்தி இருப்பாள். இருக்கட்டும். சமைத்துப் போட ஆள் வேண்டாமா? அந்த அடுப்பு கொஞ்சம் புகையும், வாசல் பக்கம் சாய்த்து வைக்க வேண்டும், அவளுக்கு யார் சொல்லியிருப்பார்கள். ராயப்பரே, காற்றை நிறுத்தும். ஒரு நாள் போதும். இல்லை, ரெண்டு நாள்.

முதலில் அவளுக்குக் கேட்டது சத்தம் இல்லாததுதான். இத்தனை மாசமாகக் காதுக்குள் குடியிருந்த அந்த இரைச்சல், கயிறுகளின் முனகல், பலகையில் தண்ணீர் உராய்கிற ஓசை, ஒவ்வொன்றாக அடங்கிற்று. தலைக்கு மேலே பாய் ஒன்று தொப்பென்று மரத்தில் அடித்துவிட்டுத் தொங்கிற்று. அப்புறம் எல்லாப் பாய்களும் துவைத்துப் போட்ட வேட்டிகள் மாதிரி தொங்கின. கழுநீர் நிறத்தில் கடல் அசையாமல் கிடந்தது. கூண்டுக்குள் ஒரு கோழி கொக்கரிப்பது கப்பல் முழுக்கக் கேட்டது. நான் சும்மா, ராயப்பரே, நான் என்னமோ பேச்சுக்கு. மாலுமிகள் அண்ணாந்து பார்த்தார்கள். சுக்கான் சக்கரத்தைப் பிடித்திருந்த கிழவன் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தான், திருப்பி ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனால் கரையை ஒட்டி இருந்த கின்ராஸுக்கு மட்டும் எங்கேயோ கொஞ்சம் காற்று மிச்சமிருந்தது. கூர்ந்து பார்த்தால்தான் தெரியும், அது நகர்ந்துகொண்டிருந்தது. முதலில் அதன் மூக்கு முன்னால் போயிற்று, பிறகு ஒரு பாய்மரம். ஆலாவில் இருந்தவர்கள் ஊரே சேர்ந்து சாவு வீட்டு வாசலில் நிற்கிற மாதிரி நின்றார்கள். துரை சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு தனியாகப் பின்தளத்தின் ஓரத்தில் நின்றார். ராத்திரி அவர் தூங்குவதில்லை, கப்பலுக்கே தெரியும். மாலுமிகள் ஒருவர் பின் ஒருவராக மெல்ல விசிலடிக்க ஆரம்பித்தார்கள். பாட்டு இல்லை, ஒரே சுரம், நாய்க்குட்டியைக் கூப்பிடுகிற மாதிரி.

"ஏன் ஆயா விசிலடிக்கிறாங்க?" என்றாள் எப்பி. தமிழ். "காத்தக் கூப்பிடறாங்க." "அப்படி இல்லியே. நீ வேற மாதிரி சொன்னியே. ராயபுரத்துல தண்ணிய அள்ளி வீசி, பேர் சொல்லிக் கூப்பிடணும்னியே." சொல்லியிருந்தாள்தான். குழந்தை சாப்பிட மறுத்த நாட்களில் ஒவ்வொரு வாய்க்கும் ஒரு காற்றின் பெயர். வடக்கே இருந்து வாடை, கிழக்கே இருந்து கொண்டல், மேற்கே இருந்து கச்சான். "ஆயா, நீ கூப்பிடு. நமக்கு எது வேணும்? கச்சான்தானே? பின்னாடியிலிருந்து வருதே, அது." "சும்மா இரு கண்ணு, அதெல்லாம் கதை." ஆனால் எப்பி வாளியிலிருந்து எழுந்துவிட்டாள். பாதி சிக்கெடுத்த தலையோடு ஓடிப்போய்த் துரையின் கையைப் பிடித்து இழுத்து, ஆயாவுக்குக் காற்றைக் கூப்பிடத் தெரியும், அவள் கூப்பிட மாட்டேன் என்கிறாள் என்று இங்கிலீஷில் கடகடவென்று சொன்னாள். விசில் சத்தம் நின்றது. சிரிப்பார்கள் என்று நினைத்தாள். சிரிக்கவில்லை, கடலில் கிடக்கிறவர்கள் இப்படிப்பட்ட விஷயத்தில் சிரிக்க மாட்டார்கள். துரை மெல்ல நடந்து வந்தார். கிட்டத்தில் பார்த்தால் கண்ணுக்குக் கீழே தோல் சுருங்கிக் கிழவனாகியிருந்தார். அவர் அவளிடம் எதற்கும் உத்தரவுதான் போடுவார், நல்ல மாதிரியாகப் போடுவார், ஆனால் உத்தரவு. இப்போது தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "ப்ளீஸ், ஆயா" என்றார்.

இல்லை, துரை, நான் வேறு மாதிரி வேண்டிக்கொண்டிருக்கிறேன். இதை எந்த இங்கிலீஷில் சொல்வது? உங்கள் கப்பல் நிற்பதற்கு நான்தான் காரணம், நாளைக்கு எப்பியை உங்கள் அக்காள் கையில் கொடுக்க வேண்டுமே என்று நிறுத்தச் சொன்னேன், உங்கள் கப்பலும் வேண்டாம் லண்டனும் வேண்டாம், இந்த நடுக்கடலில் இப்படியே கிடந்தால் எனக்குப் போதும். மனசுக்குள் வராதே வராதே என்று சொல்லிக்கொண்டு வாயால் வா என்றால் யாருக்குத் தெரியும்? அப்படித்தான் செய்வது என்று முடிவு பண்ணி எழுந்தாள். முழங்கால் மரத்திருந்தது. இன்னொரு வாளியைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பெரேரா கடல் தண்ணீர் மொண்டு கொடுத்தான், விரல் விறைக்கிற குளிர். ஒரு கை அள்ளி மேற்கே பார்த்து வீசினாள். "கச்சானே" என்றாள், பக்கத்தில் இருப்பவனுக்கே கேட்காத குரலில். எப்பி அண்ணாந்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், சோறு ஊட்டும்போது பார்ப்பாளே, அப்படி. "அப்படி இல்ல ஆயா. சத்தமா." அந்த முகத்துக்கு முன்னால் அவளுக்குப் பொய்யாகக் கூப்பிட வரவில்லை. இன்னொரு கை அள்ளினாள். ராயபுரத்துக் கரையில் அலைக்கு அந்தப் பக்கம் நிற்கிற படகுக்குக் கேட்கும்படி பெண்கள் கூப்பிடுவார்களே, அடிவயிற்றிலிருந்து, அந்தக் குரல் தனக்குள் இன்னும் இருக்கிறதா என்று தெரியாமலே அதை எடுத்தாள். "கச்சானே, வா! வந்து தள்ளு! எம்புள்ள வீடு போகணும், வா!" அசையாத தண்ணீரின்மேல் அந்தக் குரல் போய்க்கொண்டே இருந்தது. கின்ராஸில்கூட நாலு தலை திரும்பிற்று. பட்டணம் விட்ட பிறகு அவள் குரலை உயர்த்தியதே இல்லை. இந்தக் கடலில் இந்தப் பாஷையில் யாரும் இதுவரை எதையும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். கூப்பிட்டுவிட்டுப் போய்க் கவிழ்த்த வாளியில் உட்கார்ந்துகொண்டாள்.

காற்று வரவில்லை. கொஞ்ச நேரம் எல்லாரும் மேற்கே பார்த்தார்கள், அப்புறம் யாரோ ஒருவன் இருமினான், துரை தலையை ஒருமுறை அசைத்துவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டு பழைய இடத்துக்கே போய்விட்டார். எப்பி திரும்பி வந்து மடியில் சாய்ந்தாள். "வரலியே ஆயா." "வரும். அதுக்கு ரொம்ப தூரம்." சீப்பை எடுத்தாள். கின்ராஸ் முழுசாக முன்னால் போய், அதன் பின்பக்கம் மட்டும் தெரிந்தது. வெட்கமாகவும் இருந்தது, ஒரு மாதிரி லேசாகவும் இருந்தது. நிஜமாகத்தான் கூப்பிட்டேன் ராயப்பரே, நீர் கேட்டீர், வராதது என் குற்றமில்லை. அப்படியானால் நின்றதும் என் குற்றமில்லையே. அப்படியானால் எதுவுமே என்னால் இல்லை. காய்ச்சலும்கூட. இந்த இடத்துக்கு வந்ததும் நினைவு தடுக்கிவிடுவது வழக்கம். இன்று தடுக்கவில்லை, நெற்றி, கறுத்த முடி, மூடிய சின்ன வாய் எல்லாம் முன்னால் வந்து நின்றன, அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். கை பாட்டுக்கு வேலை செய்தது. எண்ணெய் தொட்டு, பிரித்து, நீவி, மூன்று பிரியாக வகுத்து, எப்பியின் தலை கடைசியில் பின்னலாயிற்று. எப்போது முடிந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. குழந்தை மடியில் தூங்கிப்போயிருந்தது. அதன் வாயிலிருந்து வழிந்த எச்சில் புடவையில் பட்டுச் சூடாக இருந்தது.

வெயில் மஞ்சளாகிற நேரத்தில், எல்லாரும் கைவிட்ட பிறகு, மேற்கே கடல் ஒரு கோட்டில் கறுத்தது. பாய்மர உச்சியில் இருந்தவன் கத்தினான். அந்தக் கறுப்பு ஓடிவந்து கப்பலைத் தொட்டபோது தொங்கின பாய்களெல்லாம் ஒரே நேரத்தில் வெடித்து விரிந்தன, ஆலா ஒருபக்கம் சாய்ந்து பறக்க ஆரம்பித்தது. சாய்வில் கடல் தண்ணீர் வாளி கவிழ்ந்து அவள் காலை நனைத்துவிட்டு உருண்டோடிற்று. எப்பி திடுக்கிட்டு எழுந்து, என்ன நடக்கிறது என்று ஒரு கணம் பார்த்து, "வந்துடிச்சு! ஆயா, வந்துடிச்சு!" என்று கத்திக்கொண்டு அப்பாவிடம் ஓடினாள். துரை அவளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார், அவர் சிரிப்பதை அருளாயி முதன்முதலாகப் பார்த்தாள், பல்வரிசை எப்பியின் பல்வரிசைதான். ஒரு வயசான மாலுமி அவளைக் கடந்து போகையில் நெற்றியைத் தொட்டு மரியாதை செய்துவிட்டுப் போனான். நான் இல்லை, அது தன் நேரத்துக்கு வந்தது என்று சொல்ல நினைத்தாள். அவனுக்கு எப்படிச் சொல்வது? கரையை ஒட்டிப் போயிருந்த கின்ராஸுக்கு இந்தக் காற்று கடைசியாகத்தான் கிடைத்தது. அதற்குள் ஆலா அதன் பக்கத்தில் வந்து, அதன் ஆட்களின் முறைக்கிற முகங்கள் தெரிகிற அளவுக்கு நெருங்கி, தாண்டியும் போய்விட்டது. மாலுமிகள் தொண்டை கிழியக் கத்தினார்கள். அருளாயி கோழிக்கூண்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கால் ஈரம், மடி ஈரம், காற்றில் இரண்டும் சில்லிட்டன.

இருட்டுவதற்குள் வழிகாட்டும் பைலட்டின் சின்னப் படகு வந்தது. பருத்த, சிவந்த மூஞ்சிக் கிழவர் ஒருவர் கயிற்றேணியில் மூச்சிரைக்க ஏறி வந்து, இந்த வருஷத் தேயிலை எதுவும் இன்னும் ஆற்றுக்குள் வரவில்லை, நீங்கள்தான் முதல் என்று சொன்னதும் கப்பல் அதிர்ந்தது. பெரேரா யாரோ ஒருவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதான். கிழவர் கோட்டுப் பையிலிருந்து ஓர் ஆப்பிளை எடுத்து எப்பியிடம் கொடுத்தார். கன்னத்தைத் தட்டி ஏதோ கேட்டார், எப்பி பதில் சொன்னாள். பிறகு கிழவர் கோழிக்கூண்டுப் பக்கம் கையைக் காட்டி, அது யார் என்று கேட்டார். எப்பி திரும்பிப் பார்த்தாள். காற்றுச் சத்தத்தில் அவள் சொன்னது முழுக்கக் கேட்கவில்லை, ஆயா என்பது கேட்டது, கோயிங் ஹோம் என்பது கேட்டது. கிழவர் நல்ல விஷயம் என்கிற மாதிரி தலையை ஆட்டினார். எப்பி ஆப்பிளோடு சாய்ந்த தளத்தில் தடுமாறி ஓடி வந்தாள், பின்னல் தோளில் துள்ளியது.

"ஆயா, நீ யாருன்னு அந்தத் தாத்தா கேட்டாரு. நீ எங்க ஆயா, நீ இப்ப..." நிறுத்தினாள். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, எட்டாத இடத்தில் வைத்த ஒன்றைத் தேடுகிற மாதிரி மேலே பார்த்தாள். "ஹோம்க்குத் தமிழ்ல என்ன ஆயா?"

அருளாயி அவள் கன்னத்தில் ஒட்டியிருந்த முடியை எடுத்து ஒதுக்கினாள்.

"வீடு" என்றாள்.

"ம், வீடு. நீ வீட்டுக்குப் போறன்னு சொன்னேன்" என்று சொல்லிவிட்டு எப்பி ஆப்பிளைக் கடித்தாள், பாதி மென்ற வாயோடு ஒரு துண்டை இவளுக்கும் நீட்டினாள். அருளாயி வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள். புளிப்பாகவும் இனிப்பாகவும் இருந்தது. கரையில் ஒன்றிரண்டாக விளக்குகள் ஏற்றத் தொடங்கியிருந்தார்கள், இந்தத் தடவை அவள் அந்தப் பக்கம் பார்த்தாள்.